தரையிறங்கும் நேரத்தில் கருவி தவறாகக் காட்டினால்: விமான வழிகாட்டிப் பிழைகளைப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

பயிற்சி சிமுலேட்டரில் மாணவர்களுக்குத் தெரியாமல் நான் செய்கிற ஒரு குறும்பு உண்டு. கட்டுப்பாட்டு அறையாகப் பேசுவதும் நான்தான் என்பதால், இறங்கும் நேரத்தில் காற்றழுத்த எண்ணைப் பத்து கூட்டிச் சொல்லிவிடுவேன். 1001 என்று சொல்ல வேண்டியதை 1011 என்பேன். ஒருவர் அதைத் திருப்பிச் சொல்வார். இருவரும் தத்தம் உயரமானியில் அந்த எண்ணை வைப்பார்கள். இடப்பக்க மானியையும் வலப்பக்க மானியையும் ஒப்பிட்டுவிட்டு, "எல்லாம் ஒத்துப்போகிறது, சார்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். மேகம் விலகாத அந்த இறக்கம் பெரும்பாலும் ஓடுபாதைக்கு முக்கால் மைல் முன்னால் வயலில் முடியும்.

இரண்டு மானிகளும் ஒத்துப்போனது உண்மைதான். இரண்டுக்கும் எண்ணைக் கொடுத்தவன் ஒருவனே என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒரே வக்கீல் சொல்லிக்கொடுத்த இரண்டு சாட்சிகள் ஒரே கதையைச் சொன்னால் அனுபவமுள்ள நீதிபதி அசந்துவிட மாட்டார். விமானி அறையிலும் அந்தச் சந்தேகம் வேண்டும். இந்தக் கருவிக்கு இதைச் சொன்னது யார்? அவரைச் சாராத இன்னொருவர் என்ன சொல்கிறார்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்வியை வெவ்வேறு உயரங்களில் கேட்பவைதான்.

விமானி உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களையும், வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் ஓட்டுபவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். இறங்கிக்கொண்டிருந்த விமானம் திடீரென்று உறுமிக்கொண்டு மேலேறியது ஏன் என்று வியந்த பயணிக்கும் இதில் விடை உண்டு. உண்மையான விமானத்தில் நிறுவனத்தின் நடைமுறைக் கையேடு சொல்வதே சட்டம்.

படி 1: இறங்கத் தொடங்கும் முன், "நான் எங்கே இருக்கிறேன் என்று யார் சொல்கிறார்கள்?"

திரையில் தெரியும் வரைபடத்தையும் அதன் நடுவே நகரும் சிறு விமானத்தையும் பார்த்து ஏமாறக்கூடாது. அந்தப் படம் கணினியின் கணிப்பு. எஃப்.எம்.எஸ். எனப்படும் பறப்பு மேலாண்மைக் கணினி, பல இடங்களிலிருந்து செய்தி வாங்கித் தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. முதல் மரியாதை ஜி.பி.எஸ்.ஸுக்கு. அது இல்லாவிட்டால் தரையிலுள்ள இரண்டு டி.எம்.இ. நிலையங்களிலிருந்து தூரம் அளந்து கணக்குப் போடும். அதுவும் இல்லையென்றால் ஒரு வி.ஓ.ஆர். நிலையத்தின் திசையும் தூரமும் போதும். எதுவுமே கிடைக்காதபோது இனர்ஷியல் கருவியை மட்டும் நம்பும்.

இனர்ஷியல் கருவிக்கு வெளியிலிருந்து எந்தச் செய்தியும் தேவையில்லை. புறப்பட்ட இடத்தைச் சொல்லிவிட்டால், அதன் பிறகு ஏற்பட்ட ஒவ்வொரு முடுக்கத்தையும் கூட்டிக்கொண்டே வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி வீட்டுக்குள் நடப்பது போல. பிழையும் சேர்ந்தே கூடும். மணிக்கு 2 கடல் மைல் வரை விலகுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. நான்கு மணி நேரம் வேறு உதவி இல்லாமல் பறந்தால், ஓடுபாதை இருக்கும் பள்ளத்தாக்குக்குப் பதில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கலாம்.

ஆகவே இறக்கம் தொடங்கும் புள்ளிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே எஃப்.எம்.எஸ்.ஸின் இருப்பிடப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தன் கணிப்பில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று கணினி நினைக்கிறதோ அந்த எண் அங்கே இருக்கும். ஜி.பி.எஸ். அடிப்படையிலான வழக்கமான இறங்குமுறையின் கடைசிக் கட்டத்தில் அனுமதிக்கப்படும் எல்லை 0.3 கடல் மைல், விமான நிலையத்தை ஒட்டிய வான்வெளியில் பெரும்பாலும் 1 கடல் மைல். ஆனால் இந்த எண்ணும் கணினி தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட நற்சான்றிதழ்தான். அதனால் வெளிச்சாட்சி ஒன்று வேண்டும். ஒரு வி.ஓ.ஆர். நிலையத்தைக் கையால் டியூன் செய்து, திசையும் தூரமும் திரையிலுள்ள படத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

படி 2: பெட்டிக்குள் இருப்பதும் தாளில் இருப்பதும்

வழிப்புள்ளிகள், உயரங்கள், வானொலி நிலையங்கள் அடங்கிய தரவுத்தளம் 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இறங்குமுறையைத் தேர்ந்தெடுத்ததும் கணினி வரிசையாகப் புள்ளிகளைக் காட்டும். அவற்றைத் தாளிலோ டேப்லட்டிலோ உள்ள வரைபடத்துடன் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பெயரை மட்டும் பார்த்தால் போதாது. புள்ளிக்குப் புள்ளி திசை, தூரம், உயரம், கடைசி இறங்கு கோணம் எல்லாம் பொருந்த வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் தன் தாளைப் பார்த்து உறுதி செய்வது பழைய முறை. இன்றும் அதைவிட நல்ல முறை இல்லை.

தரவுத்தளத்தில் இல்லாத புள்ளிகளை விமானியே உருவாக்கிக்கொள்ள எஃப்.எம்.எஸ். இடம் கொடுக்கும். இறங்கும் வேளையில் அந்த வசதியைத் தொடாதீர்கள். 2010 ஜூலை 28 அன்று கராச்சியிலிருந்து இஸ்லாமாபாத் வந்த ஏர்புளூ நிறுவனத்தின் ஏர்பஸ் 321-இல், கேப்டன் தானே புள்ளிகளை உருவாக்கி, அங்கீகரிக்கப்படாத ஒரு பாதையில் சுற்றிவந்து இறங்க முயன்றார். விமானம் மர்கல்லா மலையில் மோதியது. அதிலிருந்த 152 பேரும் இறந்தார்கள்.

படி 3: காற்றழுத்த எண்

என் குறும்பு நான் கண்டுபிடித்ததல்ல. 2022 மே 23 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து பாரிஸ் சார்ல் தெ கோல் நிலையத்துக்கு வந்த ஓர் ஏர்பஸ் 320-க்கு நடந்தது அது.

முதலில் அடிப்படை. காற்றழுத்த உயரமானிக்கு உயரம் தெரியாது, அழுத்தம்தான் தெரியும். அன்றைய அழுத்தத்தை நாம் சொன்னால்தான் அதை உயரமாக மாற்றிக் காட்டும். அந்த எண்ணின் பெயர் கியூ.என்.எச். அழுத்தத்தின் அலகான ஹெக்டோபாஸ்கல் ஒன்று பிசகினால் ஏறத்தாழ 28 அடி பிசகும். உண்மையைவிடப் பெரிய எண்ணை வைத்தால் மானி உண்மையைவிட அதிக உயரத்தைக் காட்டும். அதாவது நாம் நினைப்பதைவிடக் கீழே இருப்போம்.

பாரிஸில் அன்று மழை. தரையிலிருந்து வானொலி அலை அனுப்பி ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். அமைப்பு அந்த ஓடுபாதையில் பயன்பாட்டில் இல்லை. அதனால் ஜி.பி.எஸ். திசை காட்ட, செங்குத்துப் பாதையைக் காற்றழுத்தத்திலிருந்து கணினி வரைய, அதைப் பின்பற்றி இறங்கும் முறையை விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். சரியான அழுத்தம் 1001. கட்டுப்பாட்டாளர் சொன்னது 1011. விமானிகள் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள், அப்படியே வைத்தார்கள். பத்து ஹெக்டோபாஸ்கல், 280 அடி.

அதன்பின் நடந்ததை ஒரு மாணவன் திரையில் பார்த்தால் குறையே சொல்ல மாட்டான். பாதைக்கோடு நடுவில், வேகம் சரி, உயரமும் தூரமும் வரைபட அட்டவணையோடு அடிபிசகாமல் பொருந்துகின்றன. எப்படிப் பொருந்தாமல் போகும்? பாதையை வரைந்ததும் அதே தவறான அழுத்தம், உயரத்தைக் காட்டியதும் அதே தவறான அழுத்தம். மொத்தப் பாதையும் 280 அடி கீழே தள்ளி வரையப்பட்டிருந்தது. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் வாய் திறக்கவில்லை. சக்கரத்தை இறக்கி, ஓடுபாதையை நோக்கி ஒழுங்காக வரும் விமானம் தரையிறங்கத்தான் வருகிறது என்பது அதன் கணக்கு. ஓடுபாதை தெரியாததால் விமானிகள் முயற்சியைக் கைவிட்டு மேலேறினார்கள். ஓடுபாதைக்கு 0.8 கடல் மைல் முன்னால் ரேடியோ உயரமானி பதிவு செய்த மிகக் குறைந்த உயரம் 6 அடி. நின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதரின் உயரம். இரண்டாம் முறை வந்ததும் அதே தவறான எண்ணோடுதான். இம்முறை ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்ததால் திருத்திக்கொண்டு இறங்கினார்கள்.

இதைப் பிடிக்க இரண்டு வழிகள். விமான நிலையம் தொடர்ந்து ஒலிபரப்பும் வானிலை அறிவிப்பில் கேட்ட எண்ணைக் காகிதத்தில் எழுதிவைத்து, கட்டுப்பாட்டாளர் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே ஓரிரு எண்ணுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? இரண்டாவது வழி ரேடியோ உயரமானி. அது வானொலி அலையைக் கீழே அனுப்பித் தரையிலிருந்து நேரடியாக அளக்கிறது, காற்றழுத்தத்தோடு அதற்கு உறவே இல்லை. 2500 அடியில் அது உயிர்பெற்றதும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். சமதரைப் பகுதி என்றால், நிலைய உயரத்தைக் கழித்த காற்றழுத்த உயரத்தோடு அது ஏறத்தாழப் பொருந்தும். 280 அடி வித்தியாசம் அங்கேயே பளிச்சென்று தெரியும். மலைப்பகுதியில் இந்த ஒப்பீடு அவ்வளவு எளிதாக வராது.

அலகுக் குழப்பம் இன்னொரு பழைய எதிரி. அமெரிக்காவில் அழுத்தத்தை அங்குலப் பாதரசத்தில் சொல்வார்கள். 29.92 என்பது 1013 ஹெக்டோபாஸ்கலுக்குச் சமம். களைத்துப்போன காதில் "992" என்று விழுவது "2992" ஆகிவிட்டால் கணக்கு 21 ஹெக்டோபாஸ்கல் தவறும். ஏறத்தாழ 600 அடி.

வெப்பநிலையும் சேர்ந்துகொள்ளும். திட்ட அளவைவிட 10 டிகிரி குளிர்ந்தால் உண்மை உயரம் காட்டப்படும் உயரத்தைவிட ஏறக்குறைய 4 சதவீதம் குறையும். வடக்கு நார்வேயில் இது உயிர்ப் பிரச்சினை. சென்னையின் மே மாதத்தில் நேர் எதிர். 40 டிகிரி வெயிலில் காற்றழுத்தம் வரைந்த பாதை 10 சதவீதம் செங்குத்தாகிவிடும், ஆபத்து குறைவு என்றாலும் விமானம் வேகம் குறைய அடம்பிடிக்கும்.

படி 4: மனக்கணக்கை விடாதீர்கள்

3 டிகிரி இறக்கத்தில் ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 320 அடி இறங்க வேண்டும். மனத்தில் போட 300 என்று வைத்துக்கொள்ளலாம். தொடுமிடத்துக்கு 10 மைல் இருக்கையில் 3000 அடி, 5 மைலில் 1500 அடி. இறங்கும் வேகத்துக்கு, தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 700 அடி. இந்த எண்கள் மாணவர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி வர வேண்டும். கணினி 1200 அடி வேகத்தில் இறக்கிக்கொண்டிருந்தால் கணக்குப் போடும் முன்பே வயிற்றில் ஏதோ நெருட வேண்டும்.

படிப்படியாக உயரம் குறையும் இறங்குமுறைகளில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதே குழம்பிவிடும். 1992 செப்டம்பர் 28 அன்று காத்மாண்டுவில் இறங்க வந்து மலையில் மோதிய பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் 300, ஒவ்வொரு தூரத்திலும் அதற்கு அடுத்த படிக்குரிய உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. எல்லா உயரங்களும் வரைபடத்தில் இருந்த எண்கள்தான், ஒரு வரி கீழே தள்ளி வாசிக்கப்பட்டவை. 167 பேரும் இறந்தார்கள். தூரத்தையும் உயரத்தையும் எப்போதும் சேர்த்தே உரக்கச் சொல்ல வேண்டும் என்பதன் காரணம் இதுதான்: "10 மைல், இருக்க வேண்டியது இவ்வளவு, இருப்பது இவ்வளவு."

படி 5: கடைசி நேர மாற்றம்

எல்லாம் தயார் செய்து வைத்திருக்கும்போது, "நேராக எதிர்ப்பக்க ஓடுபாதையில் இறங்க முடியுமா?" என்று கட்டுப்பாட்டாளர் கேட்பார். பத்து நிமிடம் மிச்சமாகும். பிழைகள் புகுவதற்கு இதைவிட அகலமான வாசல் இல்லை.

1995 டிசம்பர் 20 இரவு. மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 வந்துகொண்டிருக்கிறது. போயிங் 757. இரு பக்கமும் ஆண்டிஸ் மலைகள் நிற்கும் நீண்ட பள்ளத்தாக்கின் உள்ளே விமான நிலையம். ரேடார் இல்லை. தெற்கே போய்த் திரும்பி ஓடுபாதை 01-இல் இறங்குவதாகத் திட்டம். வழியில் கட்டுப்பாட்டாளர் ஓடுபாதை 19-இல் நேராக இறங்க முடியுமா என்று கேட்டார். விமானிகள் ஒப்புக்கொண்டார்கள். உயரம் அதிகம், நேரம் குறைவு. சீக்கிரம் இறங்க இறக்கைமீதுள்ள வேகத்தடைகளை உயர்த்தினார்கள்.

புதிய பாதையில் ரோசோ என்ற வானொலி நிலையம் வருகிறது. வரைபடத்தில் அதன் அடையாள எழுத்து 'ஆர்'. விமானி எஃப்.எம்.எஸ்.ஸில் 'ஆர்' என்று தட்டினார். பட்டியலில் முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தார். அது ரோமியோ, போகோட்டா நகருக்கு அருகில், நூறு மைலுக்கும் அப்பால். ரோசோ அந்தத் தரவுத்தளத்தில் முழுப் பெயரில்தான் இருந்தது. இருட்டில் விமானம் இடப்பக்கம், கிழக்கே மலையை நோக்கித் திரும்பியது. ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துத்தான் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து வலப்பக்கம் திரும்பச் செய்தார்கள். அதற்குள் அவர்களுக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே மலை வந்துவிட்டது. இறங்குவதை மட்டும் அவர்கள் நிறுத்தவே இல்லை. 163 பேரில் நால்வர் பிழைத்தார்கள்.

என் பார்வையில் 'ஆர்' என்று தட்டியது இரண்டாம் தவறுதான். யாருக்கும் விரல் பிசகும். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத நிலையில் இறங்கிக்கொண்டே இருந்ததுதான் முதல் தவறு. மாற்றம் வந்தால் செய்ய வேண்டியவை இவை. புதிய புள்ளியைத் தட்டியவர், "இதை இயக்கலாமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் அது வரைபடத்தில் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே ஆம் சொல்ல வேண்டும். முன்னால் இருக்க வேண்டிய புள்ளிக்குத் திரையில் கோடு பக்கவாட்டில் ஓடினால் இயக்கக்கூடாது. திசையில் சந்தேகம் வந்த கணமே இறக்கத்தை நிறுத்தி, அந்தப் பகுதிக்கு வரைபடத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்துக்கு ஏறிவிட வேண்டும். குழப்பத்தை மேலே உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளலாம். நேரம் போதாது என்றால் "முடியாது" என்று சொல்ல விமானிக்கு முழு உரிமை உண்டு.

படி 6: ஐ.எல்.எஸ். முள் நடுவில் நிற்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம்

ஐ.எல்.எஸ். நம்பகமான முறைதான். லோக்கலைசர் இடமா வலமா என்று சொல்கிறது, கிளைட் ஸ்லோப் மேலா கீழா என்று சொல்கிறது. கிளைட் ஸ்லோப் ஒரே அலைமீது 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகளை ஏற்றி அனுப்புகிறது. பாதைக்கு மேலே 90 ஓங்கும், கீழே 150 ஓங்கும். இரண்டும் சமமாக இருக்கும் இடமே பாதை. விமானத்திலுள்ள கருவி இந்த வித்தியாசத்தைத்தான் அளக்கிறது. வித்தியாசம் பூஜ்யம் என்றால் முள் நடுவில் நிற்கும்.

வித்தியாசத்தை உண்டாக்கும் பகுதி மட்டும் தரையிலிருந்து அனுப்பப்படாமல் போனால்? இரண்டு ஒலிகளும் எங்கும் சமமாகவே கேட்கும். விமானம் எங்கே இருந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். அலை வந்துகொண்டிருப்பதால் பழுதைக் காட்டும் கொடியும் விழாது. 2000 ஜூலை 29 இரவு சமோவாவின் அப்பியா நிலையத்துக்கு வந்த ஏர் நியூசிலாந்து 60 விமானத்துக்கு இதுவே நேர்ந்தது. தரையிலிருந்த ஒலிபரப்புக் கருவி, தன் பிழையைக் கண்காணிக்கும் அமைப்பைத் தவிர்த்துச் செல்லும் நிலையில் விடப்பட்டிருந்தது. போயிங் 767-இன் முட்கள் எல்லாம் கச்சிதமாக நடுவில். இடப்பக்கம், வலப்பக்கம், மாற்றுக் கருவி என்று எதைப் பார்த்தாலும் ஒரே பதில். மூன்றுக்கும் ஊற்று தரையிலிருந்த அந்த ஒரே ஆன்டெனா.

அவர்களைக் காப்பாற்றியவை இரண்டு: வெளியே இருக்கக்கூடாத இடத்தில் தெரிந்த விளக்குகள், உயரத்தோடு பொருந்தாத டி.எம்.இ. தூரம். மேலேறத் தொடங்கியபோது நிலையத்துக்கு இன்னும் ஏறக்குறைய 6 மைல் இருந்தது. படி 4-இன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே 1900 அடியில் இருக்க வேண்டும். அவர்கள் 400 அடிக்கும் கீழே போயிருந்தார்கள்.

ஆகவே ஐ.எல்.எஸ். பிடிக்கும்போது பார்க்க வேண்டியவை: அலைவரிசை சரியா, மோர்ஸ் அடையாளம் கேட்கிறதா அல்லது திரையில் எழுத்தாக வந்திருக்கிறதா, வரைபடம் குறிப்பிடும் இடத்தைத் தாண்டும்போது அங்கே எழுதியுள்ள உயரத்தில் இருக்கிறோமா. மூன்றாவது கேள்விக்கு விடை வேறாக இருந்தால் முள்ளை நம்பாமல் மேலேறுங்கள். தூரத்தை எங்கிருந்து அளக்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குவாமில் அந்தத் தூரம் ஓடுபாதையிலிருந்து அளக்கப்படவில்லை, 3.3 மைல் முன்னால் ஒரு குன்றின்மீது இருந்த வானொலி நிலையத்திலிருந்து அளக்கப்பட்டது. 1997 ஆகஸ்ட் 6 அன்று கிளைட் ஸ்லோப் பயன்பாட்டில் இல்லாத நிலையில் அங்கு வந்த கொரியன் ஏர் 801, அந்தக் குன்றின்மீதே மோதியது.

பாதையைக் கீழிருந்து பிடியுங்கள். மேலிருந்து துரத்தி இறங்கினால், 3 டிகிரி பாதைக்கு மேலே 9 டிகிரி அளவில் இருக்கும் போலிப் பாதை மாட்டிக்கொள்ளலாம். அங்கே திசை தலைகீழாக இருப்பதால் ஆட்டோ பைலட் மூக்கைச் சட்டென்று தூக்கிவிடும். 2013-இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஒரு போயிங் 737-க்கு இது நடந்தது.

ஆன்டெனாவுக்கு முன்னால் வேறு விமானம் குறுக்கே போனாலும் அலை வளையும். மூடுபனிக்கால நடைமுறை அறிவிக்கப்படாத நல்ல வானிலையில், பயிற்சிக்காகத் தானியங்கித் தரையிறக்கம் செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2011 நவம்பர் 3 அன்று மியூனிக்கில் அந்த நடைமுறை அறிவிக்கப்படாதபோது தானியங்கியாக இறங்கிய ஒரு போயிங் 777, புறப்பட்டுச் சென்ற விமானம் லோக்கலைசரைக் கலைத்ததால் ஓடுபாதையைவிட்டே விலகிப் புல்லில் ஓடியது.

படி 7: கருவி என்ன செய்துகொண்டிருப்பதாக நினைக்கிறது?

தானியங்கி எந்த நிலையில் இயங்குகிறது என்பதைத் திரையின் மேல்வரியிலுள்ள சிறு எழுத்துகள் சொல்லும். பொத்தானை அழுத்தியதை நம்பாமல், அந்த வரியை வாசிக்க வேண்டும்.

1992 ஜனவரி 20 அன்று ஸ்ட்ராஸ்பூர் அருகே மோதிய ஏர்பஸ் 320-இல், நிமிடத்துக்கு 3300 அடி இறக்கமும் 3.3 டிகிரி கோணமும் ஒரே சிறு கண்ணாடியில் ஏறத்தாழ ஒரே மாதிரி "33" என்று தெரிந்தன. கோணம் என்று நினைத்து வேகத்தை வைத்துவிட்டார்கள் என்பதே விசாரணையில் வலுவாக நின்ற விளக்கம். இறக்கம் நான்கு மடங்கு. 87 பேர் இறந்தார்கள். பிறகு ஏர்பஸ் அந்தக் காட்சியை மாற்றியது. நல்லதுதான், ஆனால் அப்படிக் குழம்பும் என்று வரையும்போதே யாருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

ஆம்ஸ்டர்டாமில் 2009 பிப்ரவரி 25 அன்று நடந்தது இன்னும் நுட்பமானது. துருக்கிஷ் ஏர்லைன்ஸ் 1951, போயிங் 737-800. ஏறத்தாழ 1950 அடியில் பறக்கையில் இடப்பக்க ரேடியோ உயரமானி -8 அடி என்று காட்டியது. எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ராட்டில் அந்த இடப்பக்க மானியையே கேட்டது. தரையைத் தொட்டாயிற்று என்று எண்ணி எஞ்சின் விசையைக் குறைத்தது. ஆட்டோ பைலட்டோ சரியாக இருந்த வலப்பக்க மானியைக் கேட்டது. பாதையில் நிற்க மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது. அவர்கள் கிளைட் ஸ்லோப்பை மேலிருந்து பிடித்ததால் எஞ்சின் விசை குறைந்திருப்பது இயல்பாகவே பட்டது. வேகம் கரைந்துகொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. 460 அடி வாக்கில் கட்டுப்பாட்டுத் தண்டு உதறி எச்சரித்தபோது உயரம் மிச்சமில்லை. ஒன்பது பேர் இறந்தார்கள், விமானி அறையில் இருந்த மூவரும் அவர்களில் அடக்கம்.

அதனால் ஆயிரம் அடியில் ஒரு கறாரான சோதனை வையுங்கள். மேகத்துக்குள் இருந்தால் 1000 அடியிலும், ஓடுபாதை தெரிந்தால் 500 அடியிலும், வேகம், எஞ்சின் விசை, இறக்க வேகம், பாதை, சக்கரம் எல்லாம் அமைந்திருக்க வேண்டும். எஞ்சின் சும்மா சுழலும் நிலையில் இருந்தால் அதுவே தோல்வி. "இன்னும் சற்று நேரத்தில் சரியாகிவிடும்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

படி 8: ஜி.பி.எஸ். கலையும்போது

செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை மிக மெலிந்தது. தரையிலிருந்து அதை மூழ்கடிக்கலாம், அல்லது போலி அலை அனுப்பி ஏமாற்றலாம். மூழ்கடித்தால் கருவி "தெரியவில்லை" என்று நேர்மையாகச் சொல்லிவிடும். ஏமாற்றும்போதுதான் சிக்கல், தவறான இடத்தைத் தன்னம்பிக்கையோடு காட்டும். எஸ்டோனியாவின் தார்த்து நகருக்கான இறங்குமுறை ஜி.பி.எஸ்.ஸை நம்பியிருந்ததால், குறுக்கீடு காரணமாக ஃபின்னேர் 2024 ஏப்ரல் இறுதியில் அந்த ஊருக்கான சேவையை ஒரு மாதம் நிறுத்தியது. 2025-இல் தில்லி ஓடுபாதை 10-க்கு ஜி.பி.எஸ். முறையில் வந்த சில விமானங்கள் போலி அலையைப் புகார் செய்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. குறுக்கீட்டுப் புகார் வந்த நிலையங்களாகச் சொல்லப்பட்டவற்றில் சென்னையும் இருந்தது.

அறிகுறிகள் சில நேரம் வேடிக்கையாக இருக்கும். கடிகாரம் திடீரென்று வேறு நேரம் காட்டும், ஏனென்றால் அதுவும் செயற்கைக்கோளிடம்தான் மணி கேட்கிறது. திரையில் காற்றின் வேகம் நம்ப முடியாத எண்ணாகும். கடலுக்கு மேலே பறக்கையில் "மலை, மலை" என்று எச்சரிக்கை கத்தும். சில விமானங்களில் போலி அலை இனர்ஷியல் கருவியின் கணக்கையும் கெடுத்துவிடும். அப்போது நம் கையிலிருந்த தனிச்சாட்சியும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

குறுக்கீடு உள்ள பகுதிக்குள் நுழையுமுன் நிறுவனக் கையேடு அனுமதித்தால் எஃப்.எம்.எஸ். ஜி.பி.எஸ்.ஸைக் கேட்பதைத் துண்டிக்கலாம். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். அடிப்படையிலான இறங்குமுறைக்குப் பதில் ஐ.எல்.எஸ். கேளுங்கள். சந்தேகத்தைக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லித் திசை கேட்டு வாங்குங்கள். அவருடைய ரேடார் உங்கள் விமானத்தின் ஜி.பி.எஸ்.ஸைச் சாராதது.

படி 9: எச்சரிக்கை கத்தினால்

மேகத்திலோ இருட்டிலோ தரை எச்சரிக்கை வந்தால் விவாதம் கூடாது. ஆட்டோ பைலட்டைத் துண்டித்து, முழு விசை கொடுத்து, மூக்கைத் தூக்கி, இறக்கைகளைச் சமமாக்கி, வேகத்தடைகள் மடங்கியிருக்கின்றனவா என்று கையால் தொட்டு உறுதி செய்ய வேண்டும். சக்கரத்தையும் ஃபிளாப்பையும் அப்போது தொடக்கூடாது. காலி நகர விபத்தில் எச்சரிக்கை வந்ததும் விமானிகள் உடனே விசை கொடுத்து ஏறத்தான் செய்தார்கள். ஆனால் வேகத்தடைகள் இறக்கைமீது நின்றுகொண்டே இருந்தன. அவற்றை உடனே மடக்கியிருந்தால் மலையுச்சியைத் தாண்டியிருக்கலாம் என்று பின்னர் செய்த கணக்குகள் காட்டின.

ஜி.பி.எஸ். ஏமாற்று நடக்கும் பகுதியில் பொய் எச்சரிக்கைகள் கேட்டுக் கேட்டு விமானிகளுக்கு அலுத்துவிடுகிறது. இந்த அலுப்பு எனக்கு உண்மையான கவலையைத் தருகிறது. பாதுகாப்பு உயரத்துக்கு மேலே, பகல் வெளிச்சத்தில், கீழே கடல் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே அதைப் பொய் என்று சொல்லலாம். மற்ற நேரங்களில் ஏறிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

படி 10: நிறுத்துமிடத்தில் ஐந்து நிமிடம்

பல விமான நிலையங்களில் விமானம் நிற்குமிடத்தின் அட்ச, தீர்க்கரேகை எழுதிய பலகை எதிரே இருக்கும். எஞ்சினை அணைத்ததும் அதையும் இனர்ஷியல் கருவி காட்டும் இடத்தையும் ஒப்பிட்டு, எத்தனை மைல் விலகல், எத்தனை மணி நேரப் பறப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கருவிகளில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிட அதிகம் விலகியிருந்தால் அதை இப்போதே மாற்றச் சொல்லலாம்.

பழுதுப் புத்தகத்தில் "வழிகாட்டிக் கருவி சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பராமரிப்புப் பொறியாளர் தரையில் சோதித்துப் பார்த்து, "பழுது இல்லை" என்று கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார். நேரம், இடம், உயரம், எந்தப் பக்கக் கருவி, மறுபக்கத்தில் என்ன காட்டியது, எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன செய்ததும் சரியானது என்று எழுதுங்கள். ஆம்ஸ்டர்டாமில் மோதிய அதே விமானத்தில் ரேடியோ உயரமானி முந்தைய பறப்புகளிலும் கோளாறு செய்திருந்தது விபத்துக்குப் பிறகுதான் முழுமையாக வெளிவந்தது.